நடையும் ஓட்டமும் தொடங்குகிறவர்களுக்கு: இரத்தப் பரிசோதனையை எப்போது எடுப்பது, ஆணும் பெண்ணும் அதை எப்படிப் படிப்பது

என் அண்ணனும் அண்ணியும் பத்துக் கிலோமீட்டர் ஓட்டம் ஒன்றில் கலந்துகொள்வதற்காக மூன்று மாதங்கள் விடாமல் பயிற்சி செய்தார்கள். முதலில் வேக நடை, பிறகு நடையும் மெல்லோட்டமும் மாறி மாறி, கடைசி மாதத்தில் தொடர் ஓட்டம். தொடங்குவதற்கு முன் எடுத்த பரிசோதனையில் அண்ணனுக்கு ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 15 கிராமும் அண்ணிக்கு 12.6 கிராமும் இருந்தன. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது அவை 14 ஆகவும் 11.7 ஆகவும் இறங்கியிருந்தன. ஓடுகிறவர்களுக்கு இரத்தம் சற்று நீர்த்துப்போவது வழக்கந்தான் என்று இருவருக்கும் ஒரே பதில் சொல்லி அனுப்பினார்கள். அந்தப் பதில் அண்ணனுக்குப் பொருந்தியது, அண்ணிக்குப் பொருந்தவில்லை. களைப்பு தீராமல் சில வாரங்கள் கழித்து மீண்டும் சென்று ஃபெரிட்டின் பார்த்தபோது அது லிட்டருக்கு 9 மைக்ரோகிராம் மட்டுமே இருந்தது. அதாவது உடலின் இரும்புச் சேமிப்பு ஏறக்குறைய காலியாகியிருந்தது.

ஒரே பயிற்சி, ஒரே அளவு இறக்கம், ஆனால் காரணங்கள் வேறு. இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டு பயிற்சியையும் பரிசோதனையையும் திட்டமிட விரும்புகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

பயிற்சியின்போது உள்ளே நடப்பது

நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் நிமிடத்துக்கு ஏறத்தாழ 250 மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் செலவிடுகிறது. மூச்சு வாங்க ஓடும்போது அது பத்து மடங்கையும் தாண்டுகிறது. வேலை செய்யும் தசைகளில் அப்போது சூப்பராக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற, எதனோடும் எளிதில் வினைபுரியக்கூடிய மூலக்கூறுகள் கூடுதலாக உருவாகின்றன. இவற்றை அடக்குவதற்கு உடலுக்குச் சொந்தமாகவே நொதிகள் உள்ளன. சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்ற நொதியை 1969-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும் அடையாளம் கண்டார்கள்; கேட்டலேஸும் குளுட்டாதயோன் பெராக்சிடேஸும் அதற்குத் துணை நிற்பவை. உருவாகும் வேகத்துக்கும் அடக்கும் வேகத்துக்கும் இடையே சமநிலை தவறி, முன்னது மேலோங்கும் நிலையைத்தான் ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்கிறோம்.

கடினமான பயிற்சி இந்த அழுத்தத்தைக் கூட்டுகிறது என்பதற்கான முதல் தடயம் இரத்தத்தில் அல்ல, மூச்சுக்காற்றில் கிடைத்தது. 1978-இல் வெளியான ஆய்வொன்றில், சைக்கிள் மிதித்தவர்கள் வெளிவிட்ட காற்றில், செல்களின் கொழுப்புப் படலம் ஆக்சிஜனேற்றம் அடையும்போது வெளிப்படும் பென்டேன் என்ற வாயு கூடியிருந்தது. இதைப் படிக்கும் ஒருவர், அப்படியானால் பயிற்சி கெடுதல்தானே என்று நினைக்கலாம். அப்படியல்ல. அந்தத் தற்காலிக ஏற்றமே செல்களுக்கு ஒரு செய்தியாகிறது; அதைக் கேட்டுச் செல்கள் மேலே சொன்ன நொதிகளைக் கூடுதலாக உருவாக்குகின்றன. எனவே ஒரு நாள் பயிற்சி அழுத்தத்தைக் கூட்டும், பல வாரப் பயிற்சி அதே அழுத்தத்தைத் தாங்கும் திறனைக் கூட்டும். இரத்தம் எந்த நேரத்தில் எடுக்கப்பட்டது என்பதைப் பொறுத்து இந்த இரண்டில் ஒன்று அறிக்கையில் தெரியும்.

இந்தக் கதையில் சிவப்பணுவுக்குத் தனி இடம் உண்டு. முதிர்ந்த சிவப்பணுவுக்கு உட்கருவும் இல்லை, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவும் இல்லை. ஆகவே தேய்ந்துபோன நொதிக்குப் பதிலாகப் புதியதை அதனால் செய்துகொள்ள முடியாது. எலும்பு மச்சையிலிருந்து புறப்படும்போது கொண்டுவந்த கையிருப்பை வைத்தே ஏறத்தாழ 120 நாள்கள் ஆக்சிஜனைச் சுமந்து ஓடுகிறது. பயிற்சிக் காலத்தில் உருவாகும் புதிய அணுக்கள் பழைய அணுக்களின் இடத்தைப் பிடிக்கப் பிடிக்கத்தான் இரத்தத்தின் தன்மை உண்மையில் மாறும். தொடங்கும் முன் ஒரு பரிசோதனை எடுத்தபின், இரண்டாம் பரிசோதனையைப் பயிற்சி தொடங்கிப் பன்னிரண்டு வாரங்கள் ஆவதற்கு முன் எடுக்க வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

ஆணுக்கும் பெண்ணுக்கும் எங்கே வேறுபடுகிறது

முதல் வேறுபாடு ஹீமோகுளோபின் அளவிலேயே தொடங்குகிறது. டெஸ்டோஸ்டிரோன் சிவப்பணு உற்பத்தியைத் தூண்டுவதால் ஆண்களுக்கு அது பெண்களைவிட ஏறத்தாழ 12 சதவீதம் கூடுதலாக இருக்கும். உலக சுகாதார நிறுவனம் இரத்தசோகைக்கு வகுத்த எல்லையும் அதற்கேற்ப ஆண்களுக்கு 13 கிராம், கருவுறாத பெண்களுக்கு 12 கிராம். இரண்டாவது, மாதவிடாய். ஒரு சுழற்சியில் 40 மில்லிலிட்டர் இரத்தம் போவதாக வைத்துக்கொண்டால் அதனுடன் சுமார் 16 மில்லிகிராம் இரும்பு வெளியேறுகிறது. உணவிலிருந்து நாளொன்றுக்கு உடல் உறிஞ்சும் இரும்போ ஒன்று இரண்டு மில்லிகிராம்தான்; அதில் பெரும்பகுதி அன்றாட இழப்பை ஈடுகட்டவே போய்விடும். மாதவிடாயில் இரத்தப்போக்கு மிகுதியாக உள்ள பெண்ணின் இரும்புக் கணக்கு எப்போதும் பற்றாக்குறையிலேயே ஓடுவதில் வியப்பில்லை.

மூன்றாவது, பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன். அதன் மூலக்கூறு அமைப்பிலேயே ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் தன்மை உண்டு. ஸ்பெயினின் வலென்சியாவில் எலிகளிடம் செய்த ஆய்வில் ஆண் எலிகளின் மைட்டோகாண்ட்ரியா பெண் எலிகளுடையதைவிட அதிகப் பெராக்சைடை உருவாக்கியதும், சினைப்பையை அகற்றியபின் அந்த வேறுபாடு மறைந்ததும் கண்டறியப்பட்டன. மனிதர்களிடம் இந்த வேறுபாடு அத்தனை தெளிவாக இல்லை. சில ஆய்வுகளில் பெண்களுக்குச் சாதகமாகவும் சிலவற்றில் இருபாலருக்கும் சமமாகவும் வந்திருக்கிறது. அந்தப் பாதுகாப்பும் மாதவிடாய் நின்றபின் தளர்கிறது. எனவே "பெண்ணுக்கு இயற்கையிலேயே பாதுகாப்பு உண்டு" என்பதை நம்பிப் பயிற்சியைக் கூட்டவோ பரிசோதனையைத் தள்ளிப்போடவோ கூடாது என்பதே என் கருத்து.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். கணவனும் மனைவியும் ஒரே வேகத்தில் சேர்ந்து நடக்கும்போது இருவரும் ஒரே அளவு உழைப்பதாகத் தோன்றும். ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறைவாக உள்ளவருக்கு அதே வேகம் தன் உச்சத் திறனில் கூடுதல் பங்கைக் கேட்கிறது. ஆகவே அவர் உடலில் ஏற்படும் அழுத்தமும் கூடுதல். சேர்ந்து நடப்பது நல்லதுதான், ஆனால் வேகத்தை அவரவர் மூச்சை வைத்து முடிவு செய்ய வேண்டும். இவர் இயல்பாகப் பேசிக்கொண்டு வரும்போது அவர் சொல்லுக்குச் சொல் மூச்சு வாங்கினால், வேகம் ஒன்றானாலும் பயிற்சி ஒன்றல்ல.

தொடங்குவதற்கு முன்

பரிசோதனைக்கூடத்தில் முழு இரத்த அணுக்கள் பரிசோதனை, ஃபெரிட்டின், இரத்தச் சர்க்கரை, கொழுப்பளவு, சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின் ஆகியவை போதும். பணம் அளவாக இருந்தால், பெண்கள் மற்ற எதை விட்டாலும் ஃபெரிட்டினை விட வேண்டாம். காய்ச்சலோ வேறு தொற்றோ இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாகக் கூடிக்காட்டும் என்பதால், உடல் தேறி இரண்டு வாரங்களாவது கழித்துக் கொடுங்கள். இரத்ததானம் செய்திருந்தால் அந்தத் தேதியைக் குறித்துவையுங்கள். இந்தியாவில் ஆண்கள் 90 நாள்களும் பெண்கள் 120 நாள்களும் இடைவெளி விட வேண்டும் என்ற விதி இருப்பதே, இழந்ததை மீட்க உடலுக்கு அவ்வளவு காலம் தேவை என்பதால்தான்.

ஹீமோகுளோபின் 8 கிராமுக்குக் கீழே இருந்தால் அது கடுமையான இரத்தசோகை. முதலில் சிகிச்சை, பிறகுதான் பயிற்சி. நெஞ்சுவலி, படியேறும்போது படபடப்பு, காலில் வீக்கம், கட்டுப்படாத இரத்த அழுத்தம் ஆகியவற்றில் எது இருந்தாலும் மருத்துவரிடம் கேட்காமல் தொடங்கக் கூடாது.

பன்னிரண்டு வாரப் பயிற்சி

வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான பயிற்சி, அல்லது 75 முதல் 150 நிமிடங்கள் கடுமையான பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரை. ஆணுக்கும் பெண்ணுக்கும் இதில் வேறுபாடு இல்லை. முதல் நான்கு வாரங்கள் வாரத்தில் ஐந்து நாள், இருபது நிமிடத்தில் தொடங்கி முப்பது வரை வேக நடை மட்டும் போதும். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. மிதமான வேகத்துக்கு இதைவிட நல்ல அளவுகோலை நான் கண்டதில்லை. ஐந்தாம் வாரத்திலிருந்து வாரத்தில் இரண்டு நாள், நடைக்கு இடையே ஒரு நிமிட மெல்லோட்டத்தை நான்கு முதல் ஆறு முறை சேர்த்துக்கொள்ளலாம். ஒன்பதாம் வாரத்துக்கு மேல் ஒரு நாள் மட்டும் ஐம்பது அறுபது நிமிடம் நீளட்டும்.

நாடித்துடிப்பை வைத்துக் கணக்கிட விரும்புகிறவர்கள், 220-இலிருந்து வயதைக் கழிக்கும் பழைய சூத்திரம் பெண்களுக்குச் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். பெண்களிடம் மட்டுமே நடத்தி 2010-இல் வெளியான பெரிய ஆய்விலிருந்து கிடைத்த சூத்திரம், வயதை 0.88 ஆல் பெருக்கி 206-இலிருந்து கழிக்கச் சொல்கிறது. 40 வயதுப் பெண்ணுக்குப் பழைய முறையில் உச்சம் 180, இதன்படி 171. சூத்திரம் காட்டும் எண்ணை எட்ட முடியவில்லையே என்று அந்தப் பெண் தன்னை வருத்திக்கொள்ளத் தேவையில்லை.

தார்ச்சாலையில் தேய்ந்த காலணியுடன் நெடுநேரம் ஓடுவதைத் தவிருங்கள். ஒவ்வொரு முறை பாதம் தரையில் மோதும்போதும் பாதத்தின் நுண்குழாய்களில் சில சிவப்பணுக்கள் நசுங்கி உடைகின்றன. நெடுந்தூரம் அணிவகுத்து நடந்த படைவீரர் ஒருவருக்குச் சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனதை 1881-இலேயே ஜெர்மானிய மருத்துவர் ஃப்ளைஷர் பதிவு செய்திருக்கிறார். மண் தரையும் நல்ல காலணியும் இதைக் குறைக்கும். சைக்கிள் ஓட்டுவதிலும் நீச்சலிலும் இந்த மோதல் இல்லை. இரும்புச் சேமிப்பு குறைவாக உள்ள பெண்களுக்கு, சேமிப்பு தேறும்வரை சைக்கிளையே நான் பரிந்துரைப்பேன்.

இரத்தம் கொடுக்கும் நாள்

பரிசோதனைக்கு முந்தைய 48 மணி நேரம் கடும் பயிற்சி வேண்டாம். பயிற்சி முடித்த வேர்வையோடு கையை நீட்டினால் இரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவில் ஒரு பங்கு திசுக்களுக்குள் நகர்ந்து இரத்தம் செறிந்திருக்கும். ஹீமோகுளோபின், கொழுப்பு எல்லாமே உண்மையைவிடக் கூடித் தெரியும். வெள்ளணுக்களும் ஏறியிருக்கும், தொற்று இருக்கிறதோ என்ற வீண் ஐயத்துக்கு அது இடம் தரும். அதே நேரத்தில் ஒரு வாரம் முழுக்க ஓய்வெடுத்துவிட்டும் போக வேண்டாம். பயிற்சியால் கூடிய பிளாஸ்மா பயிற்சியை நிறுத்திய சில நாள்களிலேயே குறையத் தொடங்கிவிடும்.

கூடத்துக்குப் போனதும் பதினைந்து நிமிடம் நாற்காலியில் உட்காருங்கள். நின்றுகொண்டிருந்தவர், உட்கார்ந்திருந்தவர், படுத்திருந்தவர் என்று நிலை மாறினாலே இரத்தத்தின் செறிவு கண்ணுக்குத் தெரியும் அளவு மாறும். இரண்டு பரிசோதனைகளும் ஒரே கூடத்தில், நாளின் ஒரே நேரத்தில், ஒரே நிலையில் நடந்தால்தான் ஒப்பிட முடியும். பெண்கள் மாதவிடாயின் எத்தனையாவது நாள் என்பதையும் அறிக்கையின் ஓரத்தில் எழுதிவையுங்கள். கடைசியாகப் பயிற்சி செய்த நாளையும் நேரத்தையும் இருபாலரும் எழுத வேண்டும். பின்னாளில் மருத்துவருக்கு மிகவும் உதவுவது இந்த ஒரு வரிதான்.

அறிக்கையைப் படிக்கும் முறை

எடுத்த இரத்தத்தைச் சோதனைக் குழாயில் சுழற்றி நிறுத்தினால் மேலே இளமஞ்சள் நிறப் பிளாஸ்மாவும் அடியில் சிவப்பணுக்களும் தனித்தனியாகப் பிரிந்து நிற்பதைக் காணலாம். பயிற்சி தொடங்கிய ஓரிரு நாள்களிலிருந்தே மேலே உள்ள மஞ்சள் பகுதி கூடத் தொடங்குகிறது. கடுமையாகப் பயிற்சி செய்பவர்களுக்கு இது 10 முதல் 20 சதவீதம் வரை போகும். அடியில் உள்ள சிவப்புப் பகுதி கூடுவதற்கு வாரங்கள் ஆகும். முதலில் இரத்தம் நீர்த்து, பிறகு மெல்ல மெல்ல ஈடாகிறது.

இதைக் கணக்காகப் போட்டுப் பாருங்கள். ஐந்து லிட்டர் இரத்தமும் 15 கிராம் ஹீமோகுளோபினும் உள்ள ஆணின் உடலில் மொத்தம் 750 கிராம் ஹீமோகுளோபின் இருக்கிறது. பிளாஸ்மா 400 மில்லிலிட்டர் கூடினால் அந்த 750 கிராம் 5.4 லிட்டரில் பரவி, அளவு 13.9 ஆகிவிடும். எல்லையான 13-ஐ அது தொடவே இல்லை. நான்கு லிட்டர் இரத்தமும் 12.6 கிராமும் உள்ள பெண்ணுக்கு மொத்தம் 504 கிராம். பிளாஸ்மா 300 மில்லிலிட்டர் கூடினால் 11.7. ஒரு துளி இரத்தமும் இழக்காமலேயே எல்லையான 12-க்குக் கீழே போய்விட்டார். ஆகவே 11.7 என்ற எண், நீர்த்துப்போனதாலும் வரலாம், இரும்பு தீர்ந்ததாலும் வரலாம். என் அண்ணியின் எண்ணும் அதுதான். எண்ணை எத்தனை முறை உற்றுப் பார்த்தாலும் காரணம் தெரியாது, ஃபெரிட்டின்தான் சொல்லும்.

பெரியவர்களுக்கு ஃபெரிட்டின் 15 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் இரும்புக் குறைவு உறுதி. சிவப்பணுவின் சராசரி அளவான எம்.சி.வி. குறைந்தும் ஃபெரிட்டின் நல்ல நிலையிலும் இருந்தால் ஹீமோகுளோபின் உற்பத்தியைப் பாதிக்கும் பரம்பரைக் கோளாறான தலசீமியாவின் மரபுக்கூறு இருக்கக்கூடும்; அதைத் தனிப் பரிசோதனையால் அறிய வேண்டும், இரும்பு மாத்திரையால் அது சரியாகாது. ஆணுக்கு ஃபெரிட்டின் குறைந்திருந்தால் ஓட்டத்தைக் காரணம் காட்டி விட்டுவிடாதீர்கள். மாதவிடாய் இல்லாத உடலில் இரும்பு தீர்கிறதென்றால் வயிற்றிலோ குடலிலோ இரத்தக் கசிவு இருக்கிறதா என்று மருத்துவர் பார்த்தாக வேண்டும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இதுவே பொருந்தும்.

இன்னொரு எச்சரிக்கை. பத்து இருபது சதவீதம் என்ற அளவு கடுமையாக ஓடுகிறவர்களுக்கானது. தினமும் அரைமணி நேரம் நடக்கும் ஒருவருக்கு ஹீமோகுளோபின் 13-இலிருந்து 11-க்கு இறங்கினால் அந்தப் பழியை நடைமேல் போடாதீர்கள்.

கல்லீரல் நொதிகள் என்று நாம் நினைக்கும் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. இரண்டும் தசையிலும் உண்டு. பழக்கமில்லாத கடும் பயிற்சிக்குப் பின் இவை தசை நொதியான கிரியேட்டின் கைனேஸுடன் சேர்ந்து ஏறும்; கல்லீரலுக்காகப் பார்க்கும் இன்னொரு நொதியான ஜி.ஜி.டி. ஏறாது. ஒரு வாரம் தசைகளுக்கு ஓய்வு கொடுத்து மறுபடி பார்த்தால் தெளிவாகிவிடும். கிரியேட்டின் கைனேஸ் பொதுவாக ஆண்களுக்குக் கூடுதலாகவே இருக்கும்.

ஆக்சிஜனேற்ற அழுத்தத்தையே நேரடியாக அளந்து தருவதாகச் சில கூடங்கள் சொல்லும் பரிசோதனைகளுக்குப் பணம் கொடுக்க வேண்டாம் என்பேன். மொத்த எதிர் ஆக்சிஜனேற்றத் திறன் என்ற அளவின் பெரும்பகுதி யூரிக் அமிலத்தால் வருவது. கடும் பயிற்சிக்குப் பின் யூரிக் அமிலம் ஏறும். ஆண்களுக்கு அது இயல்பிலேயே கூடுதல். ஆகவே அந்த எண் கூடினால் உடலின் பாதுகாப்பு கூடிவிட்டதாக நினைத்து மகிழ்வதும், பெண்ணைவிட ஆணுக்குப் பாதுகாப்பு அதிகம் என்று முடிவுகட்டுவதும் தவறு.

மாத்திரைகளும் உணவும்

பயிற்சியால் ஆக்சிஜனேற்றம் கூடுகிறதென்றால் வைட்டமின் சி, ஈ மாத்திரைகளால் அதை அடக்கலாமே என்ற எண்ணம் இயல்பாக எழும். ஜெர்மனியில் நடந்து 2009-இல் வெளியான ஆய்வு இதை மாற்றிப் போட்டது. நான்கு வாரப் பயிற்சியில் நாளுக்கு 1000 மில்லிகிராம் வைட்டமின் சி-யும் 400 யூனிட் வைட்டமின் ஈ-யும் எடுத்துக்கொண்ட இளைஞர்களுக்கு, பயிற்சியால் கிடைத்திருக்க வேண்டிய பலன், அதாவது இன்சுலினுக்கு உடல் இணங்கும் திறனில் முன்னேற்றம், கிடைக்கவில்லை. மாத்திரை எடுக்காதவர்களுக்குக் கிடைத்தது. அதில் பங்கேற்றவர்கள் ஆண்கள் மட்டுமே. நார்வேயில் ஆண்களும் பெண்களுமாக 54 பேரிடம் நடத்தி 2014-இல் வெளியான பதினொரு வார ஆய்வில், மாத்திரை எடுத்தவர்களின் தசையில் மைட்டோகாண்ட்ரியா புரதங்களின் வளர்ச்சி மட்டுப்பட்டது; ஆனால் அவர்கள் உடல் பயன்படுத்தக்கூடிய உச்ச ஆக்சிஜன் அளவு மற்றவர்களைப் போலவே உயர்ந்தது. மருத்துவர் எழுதிக்கொடுக்காத பெரிய அளவு மாத்திரைகளை விட்டுவிட்டு நெல்லிக்காய், கொய்யா, கீரை என்று உணவாகச் சாப்பிடுங்கள்.

இரும்பு மாத்திரை எழுதிக்கொடுத்திருந்தால் அதை எடுக்கும் நேரம் முக்கியம். பயிற்சி முடிந்த மூன்று முதல் ஆறு மணி நேரத்தில் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் உயர்ந்து, குடல் இரும்பை உறிஞ்சுவதைத் தடுக்கிறது. எனவே காலையில் பயிற்சிக்கு முன்போ, முடித்த அரைமணிக்குள்ளோ எலுமிச்சைச் சாற்றுடன் எடுத்துக்கொள்வது நல்லது. நடந்து முடித்ததும் காபியோ தேநீரோ குடிக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. மாத்திரைக்கும் அதற்கும் இடையே ஒரு மணி நேரமாவது விடுங்கள். என் அண்ணி மாற்றிக்கொண்டது இந்தப் பழக்கத்தைத்தான்: மாத்திரை முதலில், ஓட்டம் அடுத்து, காபி கடைசியில். ஓடுவதை நிறுத்தாமல் தூரத்தை மட்டும் பாதியாகக் குறைத்துக்கொண்டு, மூன்று மாதம் கழித்து மீண்டும் ஃபெரிட்டின் பார்த்தார். அது 9-இலிருந்து 31-ஆக ஏறியிருந்தது.

பயிற்சிக்குப் பின் சிறுநீர் தேநீர் டிகாக்‌ஷன் நிறத்தில் போனாலோ, தசைவலி தாங்க முடியாமல் வீக்கத்துடன் இருந்தாலோ, அறிக்கைக்கும் அடுத்த பரிசோதனைக்கும் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.